மொட்டை மூக்கு லாரி: ஒரு போர்க்கால வண்டியும் அதன் சிறு மாதிரியும்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் பேரரசின் படைகளுக்காகக் கனடாவில் செய்யப்பட்ட லாரிகள் ஏராளமாக இந்தியாவுக்கு வந்தன. 'கனடிய இராணுவ வடிவம்' என்று நூல்களில் குறிக்கப்படும் இந்த வண்டிகள், போர் முடிந்தபின் தனியார் கைக்கு மாறி நம் ஊர்ச் சாலைகளில் பல ஆண்டுகள் சரக்கு சுமந்தன. அவற்றுள் ஒன்றான ஷெவர்லே 3 டன் லாரியின் பிளாஸ்டிக் மாதிரியைக் கடந்த ஆண்டு நான்கு மாதம் உட்கார்ந்து கோத்தேன். அந்தச் சிறு வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய வண்டியின் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், போளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவன் நான். 1960-களின் இறுதியில் மலையிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எங்கள் ஊர் வழியாக இறங்கும். மற்ற லாரிகளுக்கு முன்னால் நீண்ட மூக்கு இருக்கும். இதற்கு மூக்கே இல்லை. முகத்தில் குத்து வாங்கியதுபோல் சப்பையாக இருக்கும். முன்கண்ணாடி மற்ற வண்டிகளுக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். கேபின் கூரையில் வட்டமாகத் தகரம் வைத்து அடைத்த ஓர் ஒட்டு. பிள்ளைகள் நாங்கள் அதை 'மொட்டை மூக்கு' என்போம். பெரியவர்கள் 'மிலிட்டரி லாரி' என்பார்கள். எந்த மிலிட்டரி, எந்த நாடு என்று யாரும் சொன்னதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்ற பிறகு, மாதிரித் தொகுப்பு ஒன்றின் அட்டைப்பெட்டிப் படத்தில் அதே சப்பை முகத்தைப் பார்த்தேன். வாங்காமல் இருக்க முடியவில்லை.

பெயரில் உள்ள கணக்கு

பெட்டியின் மேல் 'சி60எல்' என்று அச்சிட்டிருந்தது. 'சி' என்பது ஷெவர்லே. இதே வடிவில் போர்டு நிறுவனம் செய்தவற்றுக்கு 'எஃப்' என்ற எழுத்து. 60 என்பது சுமக்கும் எடை, 'ஹண்ட்ரட்வெயிட்' என்ற பழைய பிரித்தானிய அலகில். ஒரு ஹண்ட்ரட்வெயிட் 112 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 50.8 கிலோ. அறுபதைப் பெருக்கினால் 3,048 கிலோ. அதுவே 3 டன். 'எல்' என்பது முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி நீண்ட வகை. அந்த இடைவெளி 158 அங்குலம், ஏறக்குறைய 4 மீட்டர். குட்டை வகையில் 134 அங்குலம். 15 ஹண்ட்ரட்வெயிட் சுமக்கும் சிறிய வண்டியில் 101 அங்குலம்.

மாதிரியின் அளவு 1/35. நான்கு மீட்டர் இடைவெளி அதில் பதினொன்றரை சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஆறடி மனிதர் கட்டைவிரல் உயரம் வருவார். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பெரிய வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர் கோணல் என்று பொருள். இந்தக் கடைசிக் கணக்கை வேலை தொடங்கும் முன்பே போட்டிருந்தால் எனக்குப் பல தொல்லைகள் குறைந்திருக்கும்.

கனடா ஏன்?

1940 மே, ஜூன் மாதங்களில் பிரித்தானியப் படை டன்கர்க் கடற்கரையிலிருந்து உயிர் தப்பியது. ஆட்களைக் கப்பலேற்ற முடிந்தது, வண்டிகளை முடியவில்லை. பிரான்சில் விடப்பட்டவை 60,000-க்கும் மேல். வண்டியில்லாத படையால் நகர முடியாது. பிரிட்டனின் ஆலைகளோ விமானமும் பீரங்கியும் செய்வதில் மூழ்கியிருந்தன, குண்டுவீச்சுக்கும் எட்டும் தூரத்தில் இருந்தன. அந்த இடத்தை நிரப்பியது கனடா. ஒண்டாரியோ மாநிலத்தில் விண்ட்சர் நகரில் போர்டு ஆலையும், ஓஷாவாவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையும் இருந்தன. சந்தையில் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும் இரண்டு நிறுவனங்கள் போருக்காக ஒரே வரைபடத்தில், ஏறக்குறைய ஒரே முகத்தோடு வண்டி செய்தன. அப்போது ஒன்றேகால் கோடியைத் தொடாத மக்கள்தொகை கொண்ட நாடு, போர் முடிவதற்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைச் செய்து அனுப்பியது. அவற்றுள் பாதியளவு இந்த மொட்டை மூக்கு இனம்.

இந்தியாவுக்குக் கனடா வண்டி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது போருக்கு முந்தைய வணிகக் கதை. போர்டு நிறுவனத்தின் கனடாக் கிளை 1904-இல் தொடங்கியபோது, பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலாகப் பேரரசு நாடுகளில் விற்கும் உரிமை அதற்குத் தரப்பட்டது. ஆகவே நம் நாட்டில் இருந்த போர்டு இந்தியா, அமெரிக்கத் தலைமையகத்தின் நேரடிப் பிள்ளை அல்ல. கனடாப் போர்டின் பிள்ளை. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுக நகரங்களில் அது வண்டி கோக்கும் ஆலைகளை வைத்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே பம்பாயின் சிவ்ரியில் ஆலை திறந்துவிட்டது. வழியும் ஆட்களும் முன்பே இருந்தன. போர் வந்தபோது அதே வழியில் இராணுவ வண்டிகள் வந்தன.

பெட்டியில் வந்த வண்டி

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்: பெரிய லாரியும் ஒரு மாதிரித் தொகுப்பாகத்தான் வந்தது.

முழு லாரியைக் கப்பலில் ஏற்றினால் பெரும்பகுதி காற்றைத்தான் ஏற்றுகிறோம். நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலத்தில் கப்பலில் ஒவ்வோர் அடி இடமும் விலைமதிப்பற்றது. எனவே வண்டியைப் பிரித்து, அடிச்சட்டம், அச்சு, இஞ்சின், கேபின் தகடுகள், சக்கரங்கள் என்று மரப்பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். இந்தியத் துறைமுகத்தில் பெட்டியை உடைத்து, எண் பார்த்து, வரிசைப்படி முடுக்கினார்கள். பின்புறச் சரக்குப் பகுதி பெரும்பாலும் இங்கேயே, நம் தச்சர் கையால், மரத்தில் கட்டப்பட்டது. அடிச்சட்டம் ஓரிடத்தில், 'பாடி' வேறிடத்தில் என்னும் பழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வண்டியின் மூக்கு ஏன் வெட்டுப்பட்டது என்பதற்கும் இதே சிக்கனம்தான் விடை. மொத்த நீளம் குறைய வேண்டும், சரக்குத் தட்டு குறையக்கூடாது. ஆகவே இஞ்சினைப் பின்னுக்குத் தள்ளிக் கேபினுக்குள் பாதி நுழைத்துவிட்டார்கள். 216 கன அங்குலம் கொண்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின், 85 குதிரைத்திறன். அது ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கேபினில் 11, 12, 13 என்று மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து வந்தன. எதிர்த்திசையில் சாய்ந்த கண்ணாடி பதின்மூன்றாம் எண்ணின் அடையாளம். கண்ணாடி தரையை நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஓட்டுநர் கண்ணில் வெயில் கூசாது. மேலே பறக்கும் எதிரி விமானத்துக்கு வெயில் பட்டு மின்னிக் காட்டியும் கொடுக்காது. சில வண்டிகளின் கூரையில் வட்டத் திறப்பு ஒன்று இருந்தது. உதவியாளர் அதன் வழியே தலை நீட்டி வானத்தைக் கண்காணிப்பார். தொகுப்பின் கூரைத் துண்டில் அந்த வட்டத்தைக் கண்டபோதுதான் எங்கள் ஊர் லாரியின் தகர ஒட்டு எதை அடைத்தது என்பது எனக்கு விளங்கியது. மழை ஒழுகாமல் இருக்க யாரோ ஒரு பட்டறைக்காரர் போரை மூடி ரிவெட் அடித்திருக்கிறார்.

மாதிரி செய்யும் கலை எப்படி வந்தது

பிளாஸ்டிக் தொகுப்புகளும் அந்தக் காலத்துப் பிள்ளைகளே. 1936-இல் பிரிட்டனில் 'ஃப்ராக் பென்குவின்' என்ற பெயரில் விமானத் தொகுப்புகள் 1/72 அளவில் விற்பனைக்கு வந்தன. போர் தொடங்கியபின் சிறு மாதிரிகள் விளையாட்டுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. வானத்தில் தெரியும் கரும்புள்ளி நம்முடையதா, எதிரியுடையதா என்று ஒரு நொடியில் சொல்ல வீரர்களைப் பழக்க வேண்டியிருந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, இதற்காக 5 லட்சம் விமான மாதிரிகளை மரத்தில் செதுக்கித் தருமாறு அந்நாட்டுப் பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. கைத்தொழில் வகுப்பு என்றால் நூல் நூற்பதும் பாய் முடைவதும் என்றே பழகிய நமக்கு இது வியப்புதான்.

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் முதல் தொகுப்பு போர் விமானம் அல்ல. 1949-இல் வந்த பெர்குசன் டிராக்டர். ஜப்பானின் தாமியா 1946-இல் ஷிசுவோக்கா நகரில் மர வணிகமாகத் தொடங்கியது. மரமறுத்தவர்கள் மரப் பொம்மைக்கும், பிறகு பிளாஸ்டிக்குக்கும் மாறினார்கள். இன்று உலகெங்கும் இராணுவ வண்டி மாதிரிகளுக்கு வழங்கும் 1/35 என்ற விசித்திர அளவு அவர்களிடமிருந்து வந்ததே. 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த பாந்தர் டாங்கி மாதிரிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அடங்கும்படி உடலைச் செய்துவிட்டுப் பிறகு அளந்து பார்த்தால் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. அறிவியல் காரணம் எதுவும் இல்லை. பேட்டரிதான் காரணம்.

கோத்த கதை

என் தொகுப்பு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றினுடையது, பெயர் வேண்டாம். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறச் சட்டங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள், தாளைப்போல் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று, படங்கள் மட்டுமே உள்ள செய்முறைக் கையேடு. கருவிகளாக நகவெட்டி, சிறிய அரம், உப்புத்தாள், பொற்கொல்லர் வைத்திருக்கும் மெல்லிய சாமணம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டேன்.

வேலை அடிச்சட்டத்தில் தொடங்குகிறது. ஏணி போன்ற சட்டம், அதன் கீழ் நான்கு ஸ்பிரிங் பட்டைகள், இரண்டு அச்சுகள். இந்த லாரியில் நான்கு சக்கரமும் இழுக்கும். இஞ்சினிலிருந்து கியர் பாக்ஸ், அங்கிருந்து ஒரு குட்டைத் தண்டு வழியாகப் பகிர்வுப் பெட்டி, அதிலிருந்து முன்னச்சுக்கு ஒரு தண்டு, பின்னச்சுக்கு ஒரு தண்டு. முன்னச்சில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் உருண்டை நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். மேலே இஞ்சின் உட்கார்ந்திருப்பதால் தண்டு அதன் பக்கவாட்டில்தான் போயாக வேண்டும். கையேட்டின் படத்தில் இது தெளிவாக இல்லை. நான் அச்சை இடம் வலமாக மாற்றி ஒட்டிவிட்டேன். ஐந்து நாள் கழித்துத் தண்டைப் பொருத்தப் போனபோது ஒரு முனை வடக்கே, மறுமுனை தெற்கே பார்த்தது. ஒட்டியதைப் பிரிக்கையில் ஸ்பிரிங் பட்டை ஒன்று முறிந்தது. தென்னை ஈர்க்கைச் சீவி உள்ளே ஊசியாகச் செருகி அதைச் சரிசெய்தேன். இன்றும் வண்டி அந்த ஈர்க்கின் மேல்தான் நிற்கிறது.

கேபினின் கதவுப் பிடி ஒன்று சாமணத்திலிருந்து தெறித்துப் போனது. வீட்டைப் பெருக்கியவர்கள், பெருக்காதவர்கள் அனைவரையும் நிறுத்தித் தேடியும் கிடைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடித்த வார்னிஷ் ஈரக்காற்றில் பால் படிந்ததுபோல் வெளுத்துப்போனது. தை பிறந்து வெயில் வந்தபின் மறுபடியும் அடித்தேன். மலைப்பகுதியில் இதைச் செய்ய விரும்பும் மாணவர்கள் மழைக்காலத்தில் கோக்கும் வேலையையும் கோடையில் வண்ண வேலையையும் வைத்துக்கொள்வது நல்லது.

சக்கரத்துக்கு வந்தபோது கையேட்டில் ஒரு குறிப்பு: வட்டில் உள்ள சில நெட்டுகளுக்கு மட்டும் சிவப்பு அடிக்கவும். குண்டூசித் தலையில் பாதி இருக்கும் நெட்டுக்குச் சிவப்பு ஏன்? இந்த வகை இராணுவச் சக்கரங்கள் பலவற்றில் வட்டு இரண்டு பாதிகளாக இருக்கும். இரண்டையும் முடுக்கிப் பிணைக்கும் நெட்டுகள் ஒரு வரிசை, சக்கரத்தை அச்சோடு பிணைப்பவை இன்னொரு வரிசை. டயரில் காற்று இருக்கும்போது முதல் வரிசையைக் கழற்றினால் வட்டு வெடித்துச் சிதறி எதிரே இருப்பவரைக் கொன்றுவிடும். அதற்கான எச்சரிக்கையே சிவப்பு.

நூலில் படித்த இந்தச் செய்தியை எனக்கு வாய்மொழியாக உறுதிசெய்தவர் எங்கள் ஊரின் பழைய லாரி ஓட்டுநர் ஒருவர். எண்பத்தைந்தைக் கடந்தவர். 1950-களின் இறுதியில் இதே போன்ற மிலிட்டரி லாரியில் கிளீனராகச் சேர்ந்தவர். பாதி முடிந்த வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"செவப்பு நெட்டைத் தொடாதே. எனக்குச் சொன்ன மொதப் பாடமே அதான் வாத்தியாரே. அப்புறம்தான் தண்ணி ஊத்தவே வுட்டாங்க" என்றார். பிறகு ஓட்டுநர் இருக்கையை நகத்தால் சுட்டினார். "இங்க குந்தினா கால் மடக்க எடம் கெடையாது. இஞ்சின் சூட்டுல எடது தொட வெந்துடும். சித்திரையில ஈரச் சாக்கை மடிச்சுப் போட்டுக்குவாரு டிரைவரு."

இருக்கையின் இடப்பக்கத்தில் நான் ஒட்டிய இஞ்சின் மூடியை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்த்தேன். கப்பலில் இடம் மிச்சம்பிடிக்க ஓஷாவாவில் போட்ட கோடு, இருபது ஆண்டு கழித்துப் போளூரில் ஒருவர் தொடையைச் சுட்டிருக்கிறது.

போருக்குப் பின்

இந்தப் பகுதிக்குப் போர் அந்நியமானது அல்ல. மலையின் வடக்கு அடிவாரத்தில் அமிர்தி செல்லும் பக்கம் உள்ள கம்மவான்பேட்டையை வேலூர் மாவட்டத்தார் 'ராணுவப்பேட்டை' என்றே அழைப்பார்கள். முதல் உலகப் போர் தொட்டுத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர். 1945-இல் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தனர். அவர்களுக்குச் சோறும் குண்டும் கொண்டுசென்றது அரச இந்தியப் படைச் சேவைப் பிரிவு. திமாப்பூரிலிருந்து இம்பால் வரை 200 கிலோமீட்டருக்கும் மேலான மலைச்சாலையில் லாரி ஓட்டக் கற்றவர்கள் போர் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். லாரிகளும் 'டிஸ்போசல்' என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தன. ஓட்டத் தெரிந்தவரும் ஓட்ட வண்டியும் ஒரே நேரத்தில் கிடைத்தது நம் சாலைப் போக்குவரத்துக்கு வாய்த்த பேறு என்பது என் கருத்து.

தேவையும் பெரிதாக இருந்தது. போர்க்காலத்தில் பெட்ரோல் பங்கீட்டில்தான் கிடைத்தது. பேருந்துகள் பின்னால் உலை கட்டிக்கொண்டு கரிவாயுவில் முக்கி முனகி ஓடின, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அத்தகைய வாயுக்கலன்களைத் தயாரித்து விற்றது. புதிய வண்டி இறக்குமதி நின்றுபோயிருந்தது. சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது 1948-இல். டாட்டா-பென்ஸ் லாரி வந்தது 1954-இல். அதுவரை இடைவெளியை நிரப்பியதில் இராணுவக் கழிவு வண்டிகளுக்குப் பங்குண்டு. உதிரிபாகம் செய்த போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவில் இந்தியாவை விட்டுப் போனபின்னும், ஒரு வண்டியைப் பிரித்து மூன்று வண்டியை வாழவைத்து ஓட்டினார்கள். பர்மாவில் இவற்றின் மேல் மரக்கூடு கட்டிப் பேருந்தாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள்.

ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை இந்த லாரியை வளர்ச்சியின் தூதனாக வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு சக்கரமும் இழுத்ததால் தார் போடாத காட்டுத்தடத்தில் ஏற முடிந்தது, உண்மை. ஏறியது எதற்கு? இந்த மலையின் சந்தன மரம் புகழ்பெற்றது, திருப்பத்தூரில் அரசின் சந்தன மரக் கிடங்கே இருந்தது. காட்டு மரமும் விறகும் கீழ்நாட்டுக்குத் தேவைப்பட்டன. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களோ பலாவையும் புளியையும் சாமையையும் தலையில் சுமந்து சந்தைக்கு நடந்து இறங்கினார்கள். 1980-களில் நான் மலைப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோதும் மாணவர் பலர் மணிக்கணக்கில் நடந்தே வந்தனர். அந்த முதியவரிடம் ஆட்களை ஏற்றுவீர்களா என்று கேட்டேன். "ஏறச்சொல்லோ காலி வண்டி, எறங்கச்சொல்லோ மரம். மரம் வெட்டப்போற ஆளுங்களைத் தவிர வேற யாரையும் ஏத்தக்கூடாது, கான்ட்ராக்டர் உத்தரவு. பிரசவ வலியில ஒரு பொம்பளையை ஒரே ஒரு வாட்டி ஏத்தினோம்" என்றார். அவர் அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாதிரித் தொகுப்புகள் இந்தக் கதையின் முதல் ஐந்தாண்டை மட்டும் தருகின்றன. பெட்டியில் வரும் ஒட்டுப்படங்கள் ஆப்பிரிக்கப் பாலைவனம், இத்தாலி, நார்மண்டி ஆகிய போர்முனைகளின் படைப்பிரிவுச் சின்னங்கள். ஐந்தாண்டு போரில் ஓடிய வண்டி அதன்பின் இருபது ஆண்டு மரம் சுமந்ததற்கு ஒட்டுப்படம் கிடையாது. ஆகவே நான் கையேட்டை அந்த இடத்தில் மூடிவைத்துவிட்டேன். தார்ப்பாய்க்கான வளைவுக் கம்பிகளைப் பொருத்தவில்லை. துப்பாக்கி வைக்கும் தாங்கியும் மண்வெட்டி கோடரிகளும் தீப்பெட்டிக்குள் போயின. கூரையின் வட்டத் திறப்பை மெல்லிய பித்தளைத் துண்டால் அடைத்தேன். சரக்குத் தட்டின் பக்கப்பலகைகளை எடுத்துவிட்டு, மூங்கில் சிம்பில் முளைக்குச்சிகள் நட்டேன். ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள சுள்ளிகளைப் பொறுக்கி வந்து அறுத்து அடுக்கினேன். 1/35 கணக்கில் அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அடிமரம். கதவுக்குப் பச்சை அடித்தேன், என் நினைவில் இருப்பது அந்த நிறம் ஒன்றுதான். பதிவெண் நினைவில்லை. பலகையைக் கறுப்பாகவே விட்டுவிட்டேன்.

முடிந்ததும் முதியவரிடம் மறுபடி எடுத்துப்போனேன். மரங்களைச் சுற்றி நான் கட்டியிருந்த நூலைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "கயிறு நிக்காது வாத்தியாரே. எறக்கத்துல அடிமரம் ஒண்ணோட ஒண்ணு ஒரசி அறுத்துடும். சங்கிலி போட்டு, கடப்பாறைய உள்ள வுட்டு முறுக்கணும்." நூலை அவிழ்த்துவிட்டேன். மில்லிமீட்டரில் பாதி அளவுள்ள வளையச் சங்கிலி போளூர் நகைப்பட்டறை ஒன்றில் கிடைக்கும் என்கிறார்கள்.